வீடியோ வகுப்பு: கேமரா வாங்குவதற்கு முன்

கேள்வி கேட்டவர் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். சுற்றுவட்டாரத்தில் ஆறு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியலுக்கும் கணக்குக்கும் ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது, அதனால் கல்லூரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் பிளஸ் டூ பாடத்தை நேரலையாக அனுப்பலாம் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். எந்தக் கேமரா வாங்கலாம், எந்தத் தளம் நல்லது, நெட் எவ்வளவு வேகம் வேண்டும்? இதுதான் கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியில் இல்லாத நான்காவது விஷயம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் தீர்க்காமல் மற்ற மூன்றுக்கும் பணம் போட வேண்டாம்: அந்த ஆறு பள்ளிகளிலும் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்தப் போவது யார்?

நிறுத்துவது என்று நான் சொல்வது, பாடத்தின் நடுவில் ஒருவர் வீடியோவை நிறுத்திவிட்டு, "கடத்திக்கு உள்ளே மின்புலம் சுழின்னு சொன்னாரே, ஏன்? உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு" என்று மூன்றாவது வரிசையில் இருக்கும் பையனைக் கேட்பது. அவன் சொல்ல முடியாவிட்டால் இரண்டு நிமிடம் பின்னால் தள்ளி மறுபடி போடுவது. பார்க்க மிகச் சின்ன வேலை. பதினைந்து ஆண்டுகளாகக் கல்லூரிகளுக்குப் பாடம் பதிவு செய்துகொடுக்கும் வேலையில் இருக்கிறேன், இந்தச் சின்ன வேலைக்கு ஆள் இருந்த இடத்தில் மட்டும்தான் வீடியோ வகுப்பு இரண்டாவது பருவத்தைத் தாண்டி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஐம்பது ஆண்டுப் பழைய சான்று ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் தன் ஆலையின் ஒரு பகுதியைச் சாண்டா ரோசா என்ற ஊருக்கு மாற்றியது. அங்கே போன பொறியாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதுகலை வகுப்புகளைத் தொடர்ந்து படிக்க விரும்பினார்கள். மற்ற நிறுவனங்களில் இருந்தவர்கள் அந்த வகுப்புகளைத் தொலைக்காட்சி அலை வழியே வேலை செய்யும் இடத்திலேயே நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாண்டா ரோசா நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்ததால் அங்கே அலை எட்டவில்லை. சரி என்று, ஜேம்ஸ் கிப்பன்ஸ் என்ற மின்னணுவியல் பேராசிரியர் வகுப்பை அப்படியே நாடாவில் பதிவு செய்து அனுப்பினார், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். தனியாக உட்கார்ந்து பார்க்கக் கூடாது. சின்னக் குழுவாகப் பார்க்க வேண்டும், அதே ஆலையில் வேலை செய்யும் ஒரு பொறியாளர் கூட இருக்க வேண்டும், சில நிமிடங்களுக்கு ஒரு முறை நாடாவை நிறுத்திப் பேச வேண்டும். வீட்டுப்பாடமும் தேர்வும் வளாகத்தில் படித்தவர்களுக்குக் கொடுத்ததேதான்.

முடிவு என்ன தெரியுமா? அந்த நாடாவைப் பார்த்தவர்கள், பேராசிரியர் எதிரிலேயே உட்கார்ந்து படித்த மாணவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். கிப்பன்ஸும் அவருடைய சகாக்களும் 1977இல் சயன்ஸ் இதழில் இதை எழுதினார்கள். கூட உட்கார்ந்த பொறியாளர் பேராசிரியர் இல்லை, பாடம் நடத்தவும் இல்லை, நிறுத்தினார், கேட்டார், மற்றவர்களைப் பேசவிட்டார், அவ்வளவுதான். நேர் வகுப்பில் ஒரு மாணவன் கையைத் தூக்கிப் பேராசிரியரை நிறுத்தத் தயங்குவான். நாடாவை நிறுத்த யாருக்கும் தயக்கம் இல்லை. வீடியோவுக்கு என்று ஒரு தனி பலம் இருந்தால் அது இதுதான் என்பது என் கருத்து. நேரலை என்று வைத்துக்கொண்டு அந்த ஒரே பலத்தையும் நாமாகவே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

வேறு நாடுகளிலும் பெரிய அளவில் நிலைத்தவை எல்லாம் இந்த அமைப்புதான். மெக்சிகோவில் 1968இல் தொடங்கிய டெலிசெகுந்தாரியா இன்றும் நடக்கிறது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். பாட ஆசிரியர்கள் போய்ச் சேராத சின்னக் கிராமங்களில் ஒரு வகுப்புக்கு ஒரே ஓர் ஆசிரியர், எல்லாப் பாடமும் அவர் பொறுப்பு. திரையில் ஏறக்குறைய கால் மணி நேரம் பாடம் வரும், மிச்ச நேரம் முழுக்கப் புத்தகம், பயிற்சி, பேச்சு. பிரேசிலில் அமேசான் ஆற்றோரக் கிராமங்களுக்கு 2007 முதல் மனவுஸ் நகரத்து ஸ்டுடியோவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக மேல்நிலைப் பாடம் போகிறது, அங்கேயும் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓர் ஆசிரியர் கூட இருக்கிறார்.

நம் ஊரிலும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஓர் ஒளிவழி தயாராக இருந்தது பெரிய விஷயம். ஆனால் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்த குழந்தைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அந்த நேரத்தில் என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. போனில் வந்த கணக்குப் பாடம் ஒன்றை என் முன்னாலேயே முழுக்கப் பார்த்தாள், பாடமும் நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் ஒரு கணக்கைப் போடச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். அந்த வரி எப்படி வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்க ஆள் இல்லை, வீடியோ போய்க்கொண்டே இருந்தது, அவளும் கூடவே போய்விட்டாள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்ற அளவில், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் தெருவிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகளுக்கு அந்த இரண்டு ஆண்டில் எது கிடைக்காமல் போனது என்பதற்கு அந்தத் திட்டத்தின் அமைப்பே சாட்சி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பள்ளிக்கும் ஆள் எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்களிடம் இருக்கிறார்கள். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவர்கள். பள்ளிக்கு இரண்டு பேர், மொத்தம் பன்னிரண்டு பேர். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர். அவர்களுக்குப் பாடம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முந்தின நாள் வீடியோவை ஒரு முறை பார்த்து, எங்கெங்கே நிறுத்தலாம் என்று நான்கு இடம் குறித்து வைத்திருந்தால் போதும். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு கொடுங்கள், சான்றிதழ் கொடுங்கள், முடிந்தால் உள்மதிப்பீட்டில் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பாதியை இதற்கு மாற்றச் சொல்லி முதல்வரிடம் பேசுங்கள். ஐஐடிகளும் பெங்களூர் அறிவியல் கழகமும் நடத்தும் இணைய வகுப்புத் திட்டமான என்பிடெல்கூட, 2014இல் சான்றிதழ்ப் படிப்பு தொடங்கிய பிறகு வீடியோவை மட்டும் நம்பி இருக்கவில்லை. கல்லூரிகளில் உள்ளூர் மையம், அதற்கு ஒரு பொறுப்பாசிரியர், வழிகாட்டிகள், வாரந்தோறும் ஒப்படைப்பு, கடைசியில் நேரில் போய் எழுதும் தேர்வு என்று சுற்றிலும் ஆட்களை நிறுத்தித்தான் நடத்துகிறார்கள்.

அப்புறம் நேரலையா பதிவா என்ற கேள்வி. பதிவு. என்னைக் கேட்டால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

காரணம் புரிய ஸ்ட்ரீமிங் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். வீடியோ ஒரே நீளமான கோப்பாக வருவதில்லை. சில வினாடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறார்கள், ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் இப்போது ஒரு துண்டுக்கு ஆறு வினாடி வைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் நான்கைந்து தரத்தில் தயாராக இருக்கும். உங்கள் போன் ஒரு துண்டை இறக்கி, எவ்வளவு நேரமானது என்று பார்த்து, நெட் வேகமாக இருந்தால் அடுத்த துண்டை நல்ல தரத்தில் கேட்கும், மெதுவாக இருந்தால் குறைந்த தரத்தில் கேட்கும். அதுவும் முடியாதபோதுதான் அந்த வட்டம் சுற்றுகிறது. பதிவு செய்த வீடியோவில் போன் பல துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள முடியும், நடுவில் நெட் பத்து வினாடி போனாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. நேரலையில் அடுத்த துண்டு இன்னும் உருவாகவே இல்லை, எதைச் சேர்த்து வைப்பது? போதாததற்கு, நறுக்கி, பல தரங்களாக மாற்றி, அனுப்பி என்று எல்லாம் சேர்ந்து, யூடியூப் மாதிரித் தளங்களில் சாதாரண நேரலை பதினைந்து முதல் முப்பது வினாடி பிந்தித்தான் போய்ச் சேரும். நீங்கள் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, அது அவர்களுக்குப் போய், அவர்கள் தட்டச்சு செய்த பதில் உங்களுக்கு வருவதற்குள் நீங்கள் அடுத்த சமன்பாட்டில் இருப்பீர்கள். ஜூம், கூகுள் மீட் வேறு முறை, ஒரு வினாடிக்குள் பேச்சு போய்விடும், ஆனால் அதற்காக முன்சேமிப்பை விட்டுக்கொடுப்பதால் நெட் லேசாக ஆடினாலே குரல் உடையும்.

எனவே பாடத்தைப் பதிவு செய்து, முந்தின இரவே பள்ளிக் கணினியில் இறக்கி வைத்துவிடுங்கள். அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் ஹைடெக் லேப் இருக்கும், அங்கே ப்ரொஜெக்டரும் இருக்கும். இறங்காத பள்ளிக்கு உங்கள் மாணவர் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகட்டும், அதில் ஒரு வெட்கமும் இல்லை. மூன்று நாளில் இரண்டு நாள் பதிவு, மூன்றாவது நாள் அரை மணி நேரம் மீட்டில் நேரடிச் சந்தேகக் கூட்டம். அந்த அரை மணி நேரத்தில் பாடம் நடத்தவே நடத்தாதீர்கள். ஆறு பள்ளியிலிருந்தும் உங்கள் மாணவர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளை எடுத்து, கேட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள். தன் பெயர் கல்லூரியிலிருந்து கேட்கும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பொதுவில் ஒளிபரப்ப வேண்டாம், பிள்ளைகளின் முகமும் பெயரும் இணையத்தில் நிற்கத் தேவையில்லை.

நெட் கணக்கு எளிது. நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பி எடுக்கும். ஒரு மெகாபிட் என்றால் 450 எம்பி. தினமும் ஒன்றரை ஜிபி கிடைக்கும் ரீசார்ஜில், வீட்டில் ஒரே போன், இரண்டு பிள்ளைகள், அப்பாவுக்கும் போன் வேண்டும் என்றால் இந்தக் கணக்கு எங்கே போய் முட்டும் என்று நீங்களே பாருங்கள். ஆனால் கரும்பலகைப் பாடத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. படத்தில் பெரும்பகுதி அசையாமல் நிற்கிறது, வீடியோவைச் சுருக்கும் முறைகள் எல்லாம் முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புபவை. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நொடிக்கு 15 படம் என்று குறைத்து, மொத்தம் 300 கிலோபிட்டுக்குள் கொண்டுவந்தால், இருபது நிமிடப் பாடம் 45 எம்பி. வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். கேமராமேன் இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டே இருந்தால் இதே பாடம் மூன்று மடங்கு கேட்கும், தரமும் போகும்.

குறைந்த தரத்தில் என்ன கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இயற்பியலுக்கு இது முக்கியம். வேகம் குறைந்து 240 வரித் தரத்துக்கு இறங்கினால் முகம் தெரியும், எழுத்தும் ஓரளவு தெரியும். போவது சின்னக் குறிகள். வர்க்கக் குறி போகும், q₁ q₂ என்று எழுதினால் கீழே உள்ள எண் கரையும், கழித்தல் குறி காணாமல் போகும். கூலூம் விதியில் r-க்கு மேல் உள்ள 2 மறைந்துபோனால் பிள்ளை என்ன எழுதிக்கொள்ளும்? அதனால் திரைக்கு ஏழெட்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள், அடுக்குகளைச் சாதாரணமாக எழுதுவதைவிடப் பெரிதாக எழுதுங்கள், எழுதும்போதே "r ஸ்கொயர்" என்று வாயாலும் சொல்லுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கும் அதுவே வழி. "இதை இதால வகுத்தா இது வரும்" என்று விரலைக் காட்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, வீடியோவில் அதை விட்டே ஆக வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம் சத்தம். படம் மங்கினாலும் பாடத்தைப் பின்தொடரலாம், குரல் தெளிவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். ஒரு கல்லூரியில் விலை உயர்ந்த கேமரா வாங்கி, மைக் தனியாக வேண்டாம், கேமராவிலேயே இருக்கிறது என்று சொல்லி ஒரு பருவம் முழுக்கப் பதிவு செய்தார்கள். வகுப்பறையில் நான்கு மின்விசிறி. நாற்பது பாடங்களிலும் விசிறிச் சத்தம் தெளிவாகக் கேட்டது, ஆசிரியர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அந்த ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துபவர் என்று எனக்குத் தெரியும், அந்த உழைப்பு முழுக்க வீணானதை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குச் சட்டையில் குத்தும் காலர் மைக் கிடைக்கிறது. விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலை மூடுங்கள், இருபது நிமிடம் வியர்க்கத்தான் செய்யும், தாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் பக்கத்திலும் இதே கதைதான்: ஐம்பது பிள்ளைகள் இருக்கும் அறைக்கு மடிக்கணினியின் ஒலிபெருக்கி பத்தாது, ஆறு பள்ளிக்கும் பள்ளிக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்கள்.

எவ்வளவு நீளம்? எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014இல் வந்த ஆய்வு ஒன்று, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்களில் பாதிப் பேராவது ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று காட்டியது. அதைச் சொல்லி எல்லாப் பாடத்தையும் ஆறு நிமிடத் துணுக்காக வெட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் தனியாக, விருப்பத்துக்குப் பார்த்தவர்கள். தேர்வுக்குப் படிப்பவர்கள் என்பிடெலின் ஒரு மணி நேர வகுப்பையும் முழுசாகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு இருபது நிமிட வீடியோ சரி, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்துவதற்கான இடத்தை நீங்களே பாடத்துக்குள் வைத்துவிடுங்கள். "இங்க நிறுத்துங்க, பக்கத்துல இருக்கறவங்களோட பேசி, ரெண்டு மின்துகளும் ஒரே குறியா இருந்தா விசை எந்தப் பக்கம்னு வரைங்க" என்று சொல்லிவிட்டு, கேள்வியை ஐந்து வினாடி திரையில் விடுங்கள். ரிமோட் வைத்திருக்கும் பி.எஸ்சி. மாணவருக்கும் அது தைரியம் கொடுக்கும், ஆசிரியரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் வீடியோ இருபது, பேச்சும் கணக்கும் இருபத்தைந்து.

மொழி பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் கல்லூரியில் ஆங்கிலத்தில் எடுப்பவர் என்றால், பள்ளிப் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் முதல் முறை வரும்போது இரண்டையும் பலகையில் எழுதிவிட்டுத் தொடருங்கள். தானாக வரும் தமிழ் வசன வரிகளை அப்படியே விடாதீர்கள், கலைச்சொற்களில்தான் அவை அதிகம் சறுக்குகின்றன. காது கேளாத பிள்ளை ஒன்று இருந்தால்கூட அந்த வரிகளை ஒருவர் உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும்.

தளம் என்று கேட்டீர்கள். பள்ளிக்குக் கோப்பாகவே போகிறது, வீட்டில் மறுபடி பார்ப்பவர்களுக்கு யூடியூபில், லிங்க் கையில் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி ஏற்றினால் போதும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை முதல்வரிடம் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பயன்படுவது அதற்கு உள்ளே இருக்கும் வரைபடம். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் நின்றார்கள், எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்று அது காட்டும். நடுவில் ஓரிடத்தில் கோடு திடீரென்று மேலே ஏறியிருந்தால், அந்த இடம் புரியாமல் பின்னால் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகக் கூட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாகக் கேமரா. உங்கள் கையில் இருக்கும் போன் போதும். ஒரு ஸ்டாண்ட், காலர் மைக், ஜன்னல் வெளிச்சம் பலகையில் பளபளக்காத ஓர் அறை. நிலைமின்னியலில் முதல் பாடத்தை இந்த வாரமே எடுங்கள், ஆறு பள்ளிக்கும் அனுப்பாமல் ஒரே ஒரு பள்ளியில் போடச் சொல்லுங்கள். நீங்களும் அங்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மாணவர் முதல் முறை வீடியோவை நிறுத்திக் கேள்வி கேட்கும்போது, எந்தப் பிள்ளை வாயைத் திறக்கிறது, என்ன சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது பாடத்தை அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.